வேண்டாம் என்று சொல்லும் வேலை

என் அக்கா வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. வண்டி மோதியது, கடை எரிந்தது, நகை காணாமல் போனது என்று ஊர்ப்பட்ட மனிதர்கள் பணம் கேட்டு எழுதி அனுப்புவார்கள். எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம் என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது அவள் பொறுப்பு. கொடுக்கலாம் என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். மறுத்து எழுதினால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இருபது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்கிற ஒருத்தியிடம் போய் என் சேமிப்பின் சாவியைக் கொடுத்து வைத்தேனே, என்னை எதைக் கொண்டு அடிப்பது?

கொடுத்தது நானேதான் என்பதில்தான் இன்னும் எரிச்சல். எனக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. அந்தப் பெயருக்குத் தகுந்தபடி, கல்யாணமான புதிதில், கணவரின் நண்பர் ஒருவர் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கப் போகிறேன் என்று சொன்னதும் கையிலிருந்ததை எல்லாம் அவரிடம் தூக்கிக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் நண்பரும் இல்லை, இயந்திரமும் இல்லை. கொஞ்ச நாளில் பெற்றோர் வீட்டை விற்றதில் என் பங்கு கைக்கு வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் பயம் வந்துவிட்டது. அக்காவிடம் ஓடினேன்.

"என்னை நம்பாதக்கா. பேங்க்ல உன் பேரையும் சேர்த்துப் போடலாம். ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியணும். நான் எதுக்கு வந்து கேட்டாலும் நீ வேண்டாம்னு சொல்லிடு."

"எதுக்கு கேட்டாலுமா?"

"எதுக்கு கேட்டாலும். நான் அழுதாக்கூட."

அவள் தலையாட்டினாள். பயத்தில் நாலு வார்த்தை கூடக்குறையத்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், இவளுக்குத் தெரியாது. நான் சொன்னதைக் காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனை மாதிரி அப்படியே மனதில் பதித்துக்கொண்டுவிட்டாள்.

அதன்பிறகு வருடங்கள் போயின. மாதாமாதம் நானும் சம்பளத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் சில தடவை கேட்டுப் பார்த்தேன். ஊருக்கு வெளியே மலிவாக ஒரு மனை வந்தது, வேண்டாம் என்றாள். அடுத்த மழைக்கு அந்த மனையில் ஆள் உயரத் தண்ணீர் நின்றது. தோழி ஒருத்தி அழகு நிலையம் ஆரம்பித்தாள், பங்கு கொடுக்கிறேன் என்றாள், அதற்கும் அக்கா வேண்டாம் என்றாள். அந்த நிலையம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்படி அவள் சொன்னதெல்லாம் சரியாகப் போய்த் தொலைந்ததால் அவளுக்குக் குடும்பத்தில் பெரிய மதிப்பு. என் கணவர்கூட, "உங்க அக்காவுக்கு நாக்குல ஏதோ இருக்கு" என்பார்.

ஆனால் நாங்கள் குடியிருக்கும் தெருவிலேயே எதிர் வரிசையில் சின்னதாக ஒரு வீடு விலைக்கு வந்ததே, அதை யாரும் பேசுவதில்லை. அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இன்று அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான் தினமும் வேலைக்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். வாசலில் யாரோ ஒரு பெண்மணி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். வாங்கிக் கெட்டுப்போனால் ஊரே பார்த்துச் சிரிக்கும். வாங்காமல் கெட்டுப்போனதை மட்டும் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்காவின் பெருமை எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது என்பது என் கட்சி.

நான் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்னால் வரிசையாக ஃப்ரேம்கள், பக்கத்தில் கண் பரிசோதிக்கும் இருட்டறை, பின்னால் லென்ஸை வட்டமாகத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் மேசை. இந்த மூன்றிலும் எனக்குத் தெரியாத மூலை கிடையாது. வாடிக்கையாளர் மூக்கைப் பார்த்தே எந்த ஃப்ரேம் வழுக்கி விழும் என்று சொல்லிவிடுவேன். முதலாளி நல்ல மனிதர். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அங்கே போய்விடப்போகிறேன் என்று ஒரு நாள் கடையை மூடும் நேரத்தில் சொன்னார்.

"வெளியாளுக்குக் கொடுக்கிறதைவிட உனக்குக் கொடுக்கலாம்னு பாக்கிறேன்மா. மெஷின், சரக்கு, பேரு எல்லாம் சேர்த்துத்தான் விலை. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு."

அவர் சொன்ன விலை வங்கியில் கிடக்கும் என் பணத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. எனக்கு நாற்பத்து நாலு வயது. இனி யார் என்னைக் கூப்பிட்டு ஒரு கடையைக் கொடுக்கப் போகிறார்கள்? அன்றைக்கு வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியவில்லை. கணவரிடம் சொன்னதும் அவருக்கும் முகமெல்லாம் பல். உடனே சுருங்கிவிட்டது.

"அக்கா?"

"நீங்க வந்து கொஞ்சம் பேசுங்களேன்."

"உங்க அக்கா தங்கச்சி விவகாரத்துல நான் தலையிட மாட்டேம்மா. நான் பஸ் ஓட்டறவன். எங்க பிரேக் போடணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இந்தத் தடவை நான் அவசரக்குடுக்கையாகப் போகவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். மாதம் எத்தனை கண்ணாடி போகிறது, ஒரு கண்ணாடியில் என்ன நிற்கிறது, கரண்ட், கூலி, வாடகை, எல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத்துக்கு வேண்டியதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்கப் போகிறேன் என்று சொல்லத் தயாரானேன். ஒன்றே ஒன்று உறுத்தியது. கடை இருக்கும் கட்டடம் முதலாளியுடையது இல்லை. வாடகை ஒப்பந்தம் ஒன்றரை வருடத்தில் முடிகிறது. அதன்பிறகு கட்டட உரிமையாளர் என்ன சொல்வார் என்பது தெரியாது. அக்கா கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலைதானே.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பேச்சை எடுத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "முதலாளி கடையை விக்கிறார்க்கா" என்றேன்.

"வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"பணம் கேக்கத்தானே வந்திருக்க? வேண்டாம்."

"விலையாவது கேளு. மாசம் எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னாவது கேளு. நான் பதினாறு வருஷமா அந்தக் கடையில நிக்கறேன்க்கா. தெரியாத தொழிலா?"

"தொழில் தெரிஞ்சவங்கதான் முழுகறாங்க. தெரியாதவன் ஏன் அந்தப் பக்கம் போகப் போறான்?" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "மாசம் பொறந்தா சம்பளம் வருதில்ல? அது போதாதா?"

"முதலாளி போயிட்டா சம்பளம் யார் குடுப்பாங்க?"

"வாங்கறவன் குடுப்பான்."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்துப் பேசினாலாவது பதில் சொல்லலாம். கணக்கில் தப்பு இருக்கிறது என்றாலாவது திருத்தலாம். இவள் கணக்கையே பார்க்க மாட்டேன் என்கிறாள். சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும். நான் கொண்டுபோன ஆறு மாதச் செலவு, ஒரு கண்ணாடிக்கு நிற்கும் லாபம் எதையும் அவிழ்க்காமலே திரும்பி வந்தேன்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். ஃபோனில் கூப்பிட்டால், "இதைத் தவிர வேற ஏதாவது பேசு" என்பாள். முதலாளி தினமும் என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்னொருவர் என்று சொன்னாரே, அவரும் ஒரு நாள் கடைக்கு வந்தார். நல்ல சட்டை, சின்ன வயது. தேய்க்கும் இயந்திரத்தைக் காட்டி, "இது என்ன செய்யும்?" என்று என்னிடமே கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கும்போது நாக்கு கசந்தது.

மாதக் கடைசி நெருங்கியபோது பொறுக்க முடியாமல் அக்காவின் அலுவலகத்துக்கே போய்விட்டேன். மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். மேலேயும் கீழேயும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

"என் பணம்க்கா அது. உன் பணம் இல்ல."

"உன் பணம்தான். அதனாலதான் சொல்றேன்."

"நல்லதைக்கூட வேண்டாம்னு சொல்றதுக்கா உன்னை வெச்சேன்?"

"நல்லது கெட்டது பார்க்கச் சொல்லி நீ என்னை வெக்கலடீ" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எது கேட்டாலும்னு சொன்ன. அழுதாலும்னு சொன்ன."

"எதிர் வீட்டை வேண்டாம்னியே, அதுக்கு என்ன பதில்? உன்னால இன்னைக்கும் வாடகை கட்டிட்டு இருக்கேன். உனக்கென்ன, பயந்தாங்கொள்ளி! பயந்து பயந்தே நீயும் வாழல, என்னையும் வாழ விடல."

சொன்ன பிறகுதான் வார்த்தை எவ்வளவு தடித்துவிட்டது என்று தெரிந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வேலை இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். கீழே இறங்கி வரும்போது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டியது. ஆனாலும் சொன்னது பொய் இல்லை என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள். "பேங்குக்கு வா. லீவு போட்டிருக்கேன்."

வங்கியில் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் கேட்கவில்லை, கேட்டால் அங்கேயே ஏதாவது ஆகிவிடும். கவுண்டரில் இருந்த பெண், டெபாசிட்டைத் தவணைக்கு முன்னால் உடைத்தால் வட்டி குறையும் என்று எங்களுக்கு விளக்கினாள். உடைத்தால் திரும்பப் பழைய வட்டிக்குப் போட முடியாது என்றும் சொன்னாள். "யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"யோசிச்சாச்சு" என்றாள் அக்கா. பேனாவை எடுத்தாள், குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள், தாளை என் பக்கம் தள்ளினாள். இத்தனை வருடம் நான் தலைகீழாக நின்றும் வாங்க முடியாத அந்தக் கையெழுத்து ஒரு நொடியில் விழுந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் பொங்கி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்போ வாங்கலாம்னு நினைக்கிறியாக்கா?"

"எனக்குத் தெரியாதுடீ."

"தெரியாதா?"

"எனக்கு எப்பவும் தெரியாது. அந்த மனை, அந்த பார்லர், இப்போ இந்தக் கடை. எதுவும் தெரியாது. நீ வேண்டாம்னு சொல்லச் சொன்ன, சொன்னேன். இப்போ சொல்லாதேங்கற. நிறுத்திட்டேன். இனிமே நீயே பார்த்துக்கோ."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். இவள் ஏதோ தெரிந்துதான் மறுக்கிறாள் என்று நம்பித்தான் இத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆசைப்படுவது என் வேலை, பயப்படுவது அவள் வேலை என்று இருவரும் பங்கு போட்டு வைத்திருந்தோம். பயப்படும் வேலையை அவள் இப்போது அந்தத் தாளோடு சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்று கவுண்டர் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து கட்டட உரிமையாளரைக் கூப்பிட்டேன். வாடகை வசூலிக்க வரும்போது பேசிப் பழக்கம்தான். ஒன்றரை வருடம் கழிந்த பிறகு இன்னும் ஐந்து வருடத்துக்கு இப்போதே எழுதித் தருவீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்மா" என்றார். "என் பையன் அந்த இடத்துல ஏதோ ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டே இருக்கான். இப்போ போய் எழுதிக் குடுன்னா எப்படி?"

"வாடகை கொஞ்சம் கூட்டித் தரேன் சார்."

"அப்போ பார்த்துக்கலாம்மா."

நடைபாதையிலேயே நின்றேன். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போகலாம். முதலாளியின் பெயரையும் அந்த இடத்தையும் தேடி வருகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விலையில் பாதி அந்த இடத்துக்குத்தான். இது எனக்கு முதல் நாளே தெரியும். அக்கா மறுக்கத்தானே போகிறாள் என்ற தைரியத்தில் தெரியாத மாதிரி இருந்திருக்கிறேன்.

முதலாளியைக் கூப்பிட்டேன். ஒன்றரை வருடத்துக்கு மட்டும் பார்த்து விலையைக் குறைக்க முடியுமா, இல்லை பாதியை இப்போது வாங்கிக்கொண்டு மீதியை இடம் நிலைத்த பிறகு வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அந்தத் தம்பி ஒண்ணும் கேக்காம மொத்தமாத் தரேங்கறார்மா. நான் டிக்கெட் எடுத்தாச்சு. உனக்காக எவ்வளவு நாள்தான் காத்திருப்பேன்?"

"அப்போ வேண்டாம் சார்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை என் காதே நம்பவில்லை. உள்ளே போய்க் கவுண்டரில் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தேன். அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னடீ பண்ற?"

"வாங்கலக்கா. இடத்துக்கு உத்தரவாதம் இல்ல."

"அடிப்பாவி! ராத்திரி பூரா தூங்காம மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்து போட்டேன்டீ! என் வாழ்க்கையிலயே ஒரே ஒரு தடவை சரின்னு போட்டேன், அதைக் கிழிக்கறியே!" வங்கியே திரும்பிப் பார்த்தது. கவுண்டர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கடை அந்தச் சின்ன வயதுக்காரருக்குப் போனது. இப்போது அவர்தான் எனக்கு முதலாளி. வந்த வேகத்தில் பலகையை மாற்றினார், ஃப்ரேம்களை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கினார். கூட்டம் வருகிறது. லென்ஸை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று இன்னும் என்னைத்தான் கேட்கிறார். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்க்கா?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தக் கட்டட உரிமையாளர் நாளைக்கே மனம் மாறி இவருக்குப் பத்து வருடம் எழுதிக் கொடுக்கலாம். ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யவும் சொல்லலாம். காலி செய்யச் சொன்னால் எனக்கு வேலையும் போகும். அப்படிச் சொல்லட்டும் என்று ஒரு மனது நினைக்கிறது, உடனே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் பாத்திரத்தை ஓங்கி வைக்கிறேன். கணவர் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். முன்னெல்லாம் இப்படி வந்தால் அக்காவைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன். இந்தத் தடவை திட்ட அவள் இல்லை. வேண்டாம் என்று சொன்னது நான்.

கொஞ்ச நாள் பேசாமல் இருந்த அக்கா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் என் பக்கத்தில் நின்று, நான் தேய்த்து வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள்.

"கடை நல்லா ஓடுதாமே" என்றாள்.

"ஓடுது."

"வயிறு எரியுதா?"

"எரியுது. தப்புப் பண்ணிட்டோமோன்னு தினமும் இருக்கு. ஓடினாலும் எரியுது, ஓடலேன்னாலும் நிம்மதி இல்ல. இது எப்போக்கா அடங்கும்?"

அவள் துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள்.

"எனக்கு அந்த எதிர் வீடு இன்னும் அடங்கலடீ" என்றாள். "உங்க தெருவுக்கு வர்றப்போ எல்லாம் நான் பின்பக்கமா சுத்தித்தான் வரேன்."